இன்டர்காம் போன் மாற்றுவது எப்படி: காரைக்குடி பிளாட்டுகளுக்கான செய்முறை

இன்டர்காம் போன் மாற்றும் வேலை பெரும்பாலும் கெடுவது புதியதை மாட்டும்போது இல்லை, பழையதைக் கழற்றும்போதுதான். சுவரிலிருந்து பழைய பெட்டியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் சுவரில் ஐந்து ஒயர் தொங்குகிறது. எது எங்கே இருந்தது என்று சொல்ல ஆளில்லை. அந்தப் பழைய போன்தான் உங்களுக்கு வரைபடம். புதியது வேலை செய்து, வாசல் பூட்டு திறந்து, மணி அடித்துப் பார்க்கும்வரை அதைத் தூக்கிப் போடக் கூடாது.

முதலில், கெட்டது போன்தானா என்று பாருங்கள். மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் கேளுங்கள். அங்கேயும் பேச்சு இல்லை என்றால் பழுது உங்கள் வீட்டில் இல்லை. கீழே இருக்கும் பவர் சப்ளையிலோ பொது ஒயரிலோ இருக்கிறது. உங்களுக்கு மட்டும்தான் என்றால், சுருள் ஒயரை இரு முனையிலும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். பேச்சு விட்டுவிட்டு வந்தால் சுருள் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. செருகும் வகையாக இருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். ரிசீவர் உட்காரும் இடத்தில் இருக்கும் ஹூக் சுவிட்சை இருபது முறை அழுத்தி விடுங்கள். நம் ஊர்ச் செம்மண் புழுதி அதில் ஏறிக்கொண்டால் ரிசீவரை எடுத்தாலும் லைன் சேராது. கான்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சு அடித்தால் சரியாகிவிடும். பக்கத்து பிளாட்டில் அதே மாடல் இருந்தால், அந்த வீட்டாரிடம் கேட்டு அவர்கள் ரிசீவரை உங்கள் பெட்டியில் செருகிப் பார்ப்பதைவிடத் தெளிவான சோதனை கிடையாது.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை

மூடியைத் திறந்து ஒயரை எண்ணுங்கள். இரண்டே ஒயர், முன்னால் எண் பட்டன்கள் என்றால் அது வாட்ச்மேன் அறையில் இருக்கும் இபிஏபிஎக்ஸ் (கட்டடத்துக்குள் போன்களை இணைக்கும் சிறு எக்ஸ்சேஞ்ச்) பெட்டியின் எக்ஸ்டென்ஷன். எண் பட்டன் இல்லாமல் நான்கு, ஐந்து, ஆறு ஒயர் வந்து, சாவிப் படம் போட்ட ஒரு பட்டன் இருந்தால், அது கேட் பேனலோடு நேராகப் பேசும் அனலாக் வகை. இரண்டே ஒயர் வந்து, உள்ளே சின்னஞ்சிறு சுவிட்சுகள் வரிசையாக இருந்தால் டிஜிட்டல் வகை. மூன்றுக்கும் வேலை வேறு, வாங்கும் பொருளும் வேறு.

இபிஏபிஎக்ஸ் வகை எளிது. சாதாரண லேண்ட்லைன் போன் எதை வாங்கினாலும் ஓடும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து இரண்டு ஒயருக்கு நடுவே பாருங்கள். ரிசீவர் அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் 48 வோல்ட் பக்கம் இருக்கும். சில சிறிய பெட்டிகளில் 24 இருக்கும். ரிசீவரை எடுத்ததும் 6 முதல் 12 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். ரிசீவர் உட்கார்ந்திருக்கும்போதே பத்துக்குக் கீழே காட்டினால் எங்கோ ஒயர் உரசுகிறது, அல்லது உள் அறையில் இருக்கும் இணை போனின் ரிசீவர் சரியாக வைக்கப்படவில்லை. சுழியம் என்றால் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது பெட்டியில் உங்கள் லைன் சேரும் போர்ட் போய்விட்டது. மணி அடிக்கும்போது இந்த லைனில் 75 வோல்ட் அளவுக்கு ஏசி வரும். பொதுவாக உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் ஈரக் கையோடு தொட்டால் நன்றாக உதறும். வேலை முடியும்வரை யாரும் அழைக்க வேண்டாம் என்று வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி வையுங்கள்.

ரோசெட் பாக்ஸில் (போன் ஒயரைச் செருகும் சுவர்ப் பெட்டி) நடு இரண்டு பின்கள்தான் லைன். தட்டை ஒயரில் அவை சிவப்பும் பச்சையும். எது எந்தப் பக்கம் என்பது இப்போதைய போன்களுக்கு முக்கியமில்லை. போனின் பக்கவாட்டில் டோன், பல்ஸ் என்று சுவிட்ச் இருந்தால் டோனில் இருக்கட்டும். சுருள் ஒயரின் முனை லைன் ஒயரின் முனையைவிட ஒடுக்கமானது. அதை லைன் துளையில் அழுத்தினால் உள்ளே போய்விடும், ஆனால் ஓரத்துப் பின்கள் நசுங்கும். கார்ட்லெஸ் வாங்காதீர்கள். கரண்ட் போனால் அதன் பெட்டி செத்துவிடும். ஒயர் போனுக்கு இபிஏபிஎக்ஸ் யுபிஎஸ்ஸில் இருந்தால் போதும். காது மந்தமான ஆச்சி தனியாக இருக்கும் வீடு என்றால், மணிச் சத்தம் அதிகம் வைக்கும் சுவிட்ச் உள்ள போனாகப் பார்த்து வாங்குங்கள்.

டிஜிட்டல் வகையில் சொல்ல அதிகமில்லை. அதே கம்பெனியின் அதே சிஸ்டத்துக்கான போன்தான் வாங்க வேண்டும். பழையதில் சின்ன சுவிட்சுகள் எவை மேலே, எவை கீழே என்று போட்டோ எடுத்து, புதியதில் அப்படியே வையுங்கள். அதுதான் உங்கள் பிளாட்டின் முகவரி. ஒரு சுவிட்ச் மாறினாலும் உங்களுக்கு வரும் விருந்தாளிக்கு வேறு வீட்டில் மணி அடிக்கும்.

ஐந்து ஒயர் வகை

வேலை தெரிந்து செய்ய வேண்டியது இதில்தான். கட்டடம் முழுவதற்கும் நான்கு ஒயர் பொதுவாக ஓடும்: மற்ற எல்லாவற்றுக்கும் திரும்பும் வழியான காமன், நீங்கள் பேசுவது போகும் மைக் ஒயர், அவர்கள் பேசுவது வரும் ஸ்பீக்கர் ஒயர், பூட்டுக்கான லாக் ஒயர். ஐந்தாவது, உங்கள் வீட்டுக்கு மட்டும் வரும் கால் ஒயர், அதாவது அழைப்பு ஒயர். கேட்டில் உங்கள் எண்ணை அழுத்தினால் மணி அடிப்பது அதன் வழியாக. ஆறாவது இருந்தால் பெரும்பாலும் வீட்டு வாசல் பெல்லுக்கானது.

நான்கும் பொது என்பதை மனதில் வையுங்கள். உங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு ஒயர் முனை உரசினால் ஊமையாவது உங்கள் போன் மட்டும் இல்லை, மொத்தக் கட்டடமும்தான். அதனால் கீழே பவர் சப்ளையை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பவர் சப்ளைக்குள் 230 வோல்ட் இருக்கிறது. அதன் மூடியைத் திறக்க வேண்டியதில்லை, பிளக்கையோ எம்சிபியையோ எடுத்தால் போதும். சில கட்டடங்களில் இன்டர்காம் ஒயரையும் லைட் ஒயரையும் ஒரே பாக்ஸில் கொண்டுவந்திருப்பார்கள். கை வைக்கும் முன் டெஸ்டரால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள்.

தேவையானவை: மல்டிமீட்டர், டெஸ்டர், 3 மி.மீ. முனையுள்ள தட்டைத் திருப்புளி ஒன்று, நட்சத்திரத் திருப்புளி ஒன்று, ஒயர் ஸ்ட்ரிப்பர், காகித டேப், பேனா, இன்சுலேஷன் டேப், ஒயரை நீட்ட வேண்டியிருந்தால் ஜெல்லி கனெக்டர் ஐந்தாறு, 6 மி.மீ. ராவல் பிளக், 30 மி.மீ. ஸ்க்ரூ.

கடைக்குப் போகும் முன் பழைய போனுக்குள் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, மணி எப்படி எழுகிறது. உள்ளே செப்புக் கம்பி சுற்றிய காயிலும் அதன் மேல் அதிரும் ஒரு தகடும் இருந்து, "டர்ர்" என்று அடித்தால், அது ஏசியில் ஓடும் பஸ்ஸர். கேட்டில் பட்டனை அழுத்தும்போது காமனுக்கும் கால் ஒயருக்கும் நடுவே 8 முதல் 12 வோல்ட் ஏசி காட்டும். காயில் இல்லாமல் சின்ன ஸ்பீக்கரோ நாணயம் போன்ற பீசோ தகடோ இருந்தால், மின்னணு மணி. பஸ்ஸர் கட்டடத்தில் மின்னணு மணிப் போனை மாட்டினால் மணி அடிக்காது, சில நேரம் அதன் சர்க்யூட்டே போய்விடும். "எல்லா ஒயரும் சரியாகக் கொடுத்தேன், பேச முடிகிறது, மணி மட்டும் இல்லை" என்ற புகாருக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். இரண்டு வகைக்கும் தனித்தனி டெர்மினல் (ஒயர் மாட்டும் திருகு முனை) உள்ள பொதுவான போன்கள் கிடைக்கின்றன. இல்லாவிட்டால் பழைய பஸ்ஸரைக் கழற்றி, ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, காமனுக்கும் கால் ஒயருக்கும் நடுவே இணைத்துவிடுங்கள். புதிய போனில் கால் டெர்மினலைக் காலியாக விடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, பல வருடம் ஓடும்.

இரண்டாவது, மைக். பழைய போனில் ஒரு ரூபாய் நாணயத்தைவிட அகலமான கறுப்பு வட்டம் இருந்தால் கார்பன் மைக். பட்டாணி அளவில் இருந்தால் எலக்ட்ரெட் மைக். எலக்ட்ரெட்டுக்குப் பிளஸ், மைனஸ் உண்டு, கார்பனுக்குக் கிடையாது. கார்பனுக்கென்று அமைத்த பேனலில் எலக்ட்ரெட் போனை மாட்டினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும், அல்லது வரவே வராது. காரைக்குடிக் கடைகளில் உங்கள் மாடல் இல்லை என்றால், கையில் கிடைத்ததை வாங்காமல் மதுரையிலோ திருச்சியிலோ சொல்லி வரவழைப்பது மேல். பழைய போனின் உள்மூடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

கழற்றுவதும் மாட்டுவதும்

மூடியைத் திறந்ததும், ஒயர்களும் டெர்மினல் எண்களும் ஒன்றாகத் தெரியும்படி நேருக்கு நேர் ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒன்று. பிறகு ஒவ்வொரு ஒயரிலும் காகித டேப் சுற்றி, அது உட்கார்ந்திருந்த டெர்மினலின் எண்ணை எழுதுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். டெலிபோன் கேபிளில் வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு, வெள்ளை-பச்சை என்று ஜோடி ஜோடியாக வரும். மங்கிய டியூப் லைட் வெளிச்சத்தில் பத்து வருட ஆரஞ்சும் பழுப்பும் ஒன்றாகவே தெரியும். அதுபோக, ஒவ்வொரு மாடியிலும் ஜாயின்ட் போட்டவர் நிறத்தை மாற்றியிருக்கலாம்.

டெர்மினல் எண்ணும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய போனில் 3 என்பது காமனாக இருக்கும், புதியதில் 3 என்பது லாக்காக இருக்கும். எண்ணுக்கு எண் மாட்டாதீர்கள், வேலைக்கு வேலை மாட்டுங்கள். ஒரு காகிதத்தில் மூன்று பத்தி போடுங்கள்: ஒயர் நிறம், பழைய எண், அது செய்யும் வேலை. பழைய போனின் உள்மூடியிலோ கேட் பேனலின் பின்பக்கத்திலோ படம் இருக்கும். நான்காவதாகப் புதிய எண்ணைச் சேர்த்த பிறகுதான் திருப்புளியை எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே பிடுங்கியாகிவிட்டது என்றால் இரண்டு வழி உண்டு. முதல் வழி, வேலை செய்யும் பக்கத்து பிளாட்டின் போனைத் திறந்து பார்ப்பது. நான்கு பொது ஒயருக்கும் பெரும்பாலும் அங்கே உள்ள நிறமே உங்களுக்கும்; மிஞ்சியது கால் ஒயர். இரண்டாவது, பவரை நிறுத்தி, கேட் பேனலின் பின்னால் ஒருவரை நிறுத்தி, அவர் ஒவ்வொரு ஒயராகக் காமனோடு சேர்க்க, இங்கே மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பது. பீப் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். பொது ஒயர்களில் மற்ற வீட்டுப் போன்கள் வழியாகவும் சுற்று சேரும். நேரடியாகச் சேர்ந்த ஒயர் சில ஓம்தான் காட்டும், போன் வழியாகச் சேர்ந்தது நூற்றுக்கணக்கில் காட்டும். தெரியாத இரண்டு ஒயரைப் பவர் இருக்கும்போது தொட்டுத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். பேனலின் ஆம்ப்ளிஃபையர் அப்படித்தான் போகிறது.

ஒயர் முனை கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் அந்த அளவு நறுக்கிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே பெயர் பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இந்த ஊரில்தான் இருக்கிறது. நம் வீட்டுச் சுவருக்குள் அந்தப் பச்சையை விட்டுவைக்கக் கூடாது. 6 அல்லது 7 மி.மீ. நீளத்துக்கு மட்டும் சீவுங்கள். அதிகமானால் பக்கத்து முனையில் உரசும். குறைந்தால் பிளாஸ்டிக் உறை ஸ்க்ரூவுக்கு அடியில் மாட்டி, இறுக்கமாகத் தெரிந்தாலும் தொடர்பு இருக்காது. ஒற்றைக் கம்பி ஒயரில் பிளேடு கீறல் விழுந்தால் மூன்று தடவை மடக்குவதற்குள் உடையும். அதற்காகவே பாக்ஸுக்குள் 15 செ.மீ. ஒயரைச் சுருட்டி மிச்சம் வையுங்கள். அடுத்த முறை மாற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

சுவரில், பழைய துளைகளே பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். புதுத் துளை என்றால் போனின் நடுப்பகுதி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் வரட்டும். வாசல் சுவரில் ஆத்தங்குடிக் கல் பதித்த பிளாட்டுகள் இப்போது அதிகம். அது சூளையில் சுட்ட டைல் இல்லை, கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வார்த்த சிமென்ட் கல். டிரில்லிங் மிஷினில் ஹேமரை அணைத்துவிட்டு, குறித்த இடத்தில் காகித டேப் ஒட்டி, மெதுவாக ஓட்டுங்கள். கல்லின் ஓரத்திலிருந்து 3 செ.மீ. தள்ளியே துளை இருக்கட்டும்.

முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு அடுப்படிவரை கூப்பிட்டால் கேட்காத பழைய வீடுகளிலும் இப்போது இன்டர்காம் போடுகிறார்கள். அங்கே வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சில் துளை போடவே போடாதீர்கள். பல அடுக்காகப் பூசித் தேய்த்த பூச்சு அது. ஒரு இடத்தில் விட்டால் தட்டாகப் பெயரும். சிமென்ட் வைத்து அடைத்த இடம் கடைசிவரை தனியாகத் தெரியும், அந்த மெருகு திரும்ப வராது. நிலைக்கதவை ஒட்டிக் கேசிங் பட்டியில் ஒயரைக் கொண்டுவந்து, ஏற்கெனவே இருக்கும் சுவிட்ச் பலகையிலேயே போனை மாட்டுங்கள்.

எல்லா டெர்மினலும் இறுக்கியாயிற்றா என்று ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துப் பார்த்த பிறகு, ஒயர் வரும் துளையைச் சிலிக்கானால் அடையுங்கள். எறும்பும் பல்லியும் போனுக்குள் குடிபுகுவது அந்த வழியாகத்தான்.

பவர் போட்டதும்

கீழே ஒருவர் உங்கள் எண்ணை அழுத்தட்டும். மணி, பேச்சு, பூட்டு என்று இந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

நீங்கள் கேட்கிறீர்கள், அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் மைக் ஒயர் தளர்ந்திருக்கிறது, அல்லது முன்னே சொன்ன மைக் வகைப் பொருத்தமின்மை. காதைக் கிழிக்கும் கீச்சுச் சத்தம் வந்தால் மைக்கும் ஸ்பீக்கரும் இடம் மாறியிருக்கின்றன. மாறவில்லை என்றால் கேட் பேனலின் பின்னால் இருக்கும் சின்ன வால்யூம் திருகைக் கால் சுற்றுக் குறையுங்கள். ரிசீவரை எடுத்ததுமே பூட்டு இழுத்தால் லாக் ஒயரும் பேச்சு ஒயரும் மாறிக் கிடக்கின்றன. ரிசீவரில் "ம்ம்ம்" என்று இரைச்சல் இருந்தால், லைட் ஒயரோடு ஒரே பைப்பில் வருகிறது. எல்லா வீட்டிலும் அதே இரைச்சல் என்றால் பவர் சப்ளையில் கண்டென்சர் வீங்கியிருக்கும். உங்கள் மணி அடிக்காமல் எதிர் வீட்டில் அடித்தால் மாடி ஜங்ஷன் பாக்ஸில் கால் ஒயர்கள் மாறியிருக்கின்றன. மொத்தக் கட்டடமும் நின்றுவிட்டால் பதறாதீர்கள். உங்கள் ஐந்து ஒயரையும் கழற்றித் தனித்தனியாக டேப் சுற்றுங்கள். மற்றவர்களுக்கு உயிர் வந்தால் உரசல் உங்கள் பெட்டிக்குள்தான்.

பூட்டு "டக்" என்று சத்தம் மட்டும் போட்டுத் திறக்காமல் இருப்பது தனிக் கதை. போனைக் குறை சொல்லும் முன் ஒயரின் தடிமனைப் பாருங்கள். சில பழைய அமைப்புகளில் பூட்டின் மின்சாரமே போன் பட்டன் வழியாகப் போய்வரும். 0.5 மி.மீ. விட்டமுள்ள டெலிபோன் ஒயருக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 88 ஓம் தடை. கேட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் ஒயர் 60 மீட்டர் என்றால் போக வர 120 மீட்டர், பத்தரை ஓம். 12 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் இழுக்கும் பூட்டின் காயில் 12 ஓம். கிட்டத்தட்டப் பாதி வோல்ட் ஒயரிலேயே கரைந்து, பூட்டுக்கு ஆறரை வோல்ட்கூடப் போய்ச் சேராது. அதே தூரத்துக்கு 1 சதுர மி.மீ. ஒயர் போட்டால் தடை இரண்டு ஓம்தான், பூட்டுக்குப் பத்து வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும். லாக், காமன் இரண்டையும் தடித்த ஒயராக மாற்றுங்கள். முடியாவிட்டால் கேட் பக்கத்தில் ஒரு 12 வோல்ட் ரிலே (சிறு மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்) வையுங்கள். போன் ஒயர் ரிலேயை மட்டும் இழுக்கும், பூட்டுக்கான மின்சாரம் அங்கேயே பவர் சப்ளையிலிருந்து நேராகப் போகும்.

ஐப்பசி மழைக்கு முன் கேட் பேனலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மேல் விளிம்பிலும் இரு பக்கத்திலும் சிலிக்கான் இழுத்து, கீழ் விளிம்பை மட்டும் திறந்து விடுங்கள். உள்ளே போன நீர் வெளியேற அதுதான் வழி. ஒயர் பேனலுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு இருந்தால் ஒயரைப் பிடித்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இபிஏபிஎக்ஸ் உள்ள கட்டடங்களில் இடிக்குப் போவது போர்ட் கார்டுதான். ஒவ்வொரு லைனுக்கும் மின்னல் தடுப்பு மாட்டியிருந்தாலும் எர்த் சரியில்லாவிட்டால் அது வெறும் பொம்மை. கோடையில் இந்த மண் காய்ந்து இறுகும்போது எர்த் தடை ஏறிவிடும். எர்த் குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் பிளாட்டுகள் இங்கே நிறைய. சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ கிளம்பும்போது ரிசீவர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். ஐந்து ஒயர் வகையில், பூட்டிய வீட்டில் எடுத்தபடி கிடக்கும் ஒரு ரிசீவர் மற்ற வீடுகளின் பேச்சை மங்கச் செய்யும், கீச்சுச் சத்தத்தையும் கிளப்பும். சாவி யாரிடம் என்று தேடுவதற்குள் கட்டடம் முழுவதும் அலைய வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாக ஓடினால், அந்த நான்கு பத்திக் காகிதத்தை மடித்துப் புதிய போனின் மூடிக்கு உள்ளே ஒட்டிவிடுங்கள், மாற்றிய தேதியோடு.